ஒற்றைத் தொங்கட்டானுக்குச் சோடி தேடி ஒட்டுசுட்டானுக்கு

ஒட்டுசுட்டானுக்கு ஏன் போனாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கோயிலுக்கு என்றுதான் சொல்லி வைத்தேன். அது முழுப் பொய்யில்லை. கோயில் மடத்தில் ஐந்து இரவு படுத்தேன், காலையில் ஒருமுறை கும்பிட்டேன். ஆனால் அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு நான் அங்கே போனது, நான் தொலைத்த ஒரு காதுத் தொங்கட்டானுக்குப் பதில் இன்னொன்று செய்விக்க. மகளின் கலியாணம் வைகாசியில் முடிந்துவிட்டது. இனி உண்மையை எழுதலாம். அதைச் செய்த பத்தரிடம் நகை செய்விக்க நினைப்பவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் இதில் இருக்கிறது. நடுவில் என் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன நகை என்று சொல்ல வேண்டும். காட்டில் விழுந்து காய்ந்த ஒரு சிறு காயை எடுத்து, அதன்மேல் மண் பூசி, உலரவைத்து, நெருப்பில் வைப்பார்கள். உள்ளே காய் எரிந்து சாம்பலாகிவிடும். அது இருந்த இடம் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமைக்குள் உருக்கிய பொன்னை வார்ப்பார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் அந்தக் காயே பொன்னாக வெளியே வரும், அதன் நரம்பு, வெடிப்பு, பூச்சி கடித்த இடம் உட்பட. ஒரு காய்க்கு ஒரு வார்ப்புத்தான். காயும் மிஞ்சாது, அச்சும் மிஞ்சாது. எங்களுடையது மருதங்காய். நீளவாட்டில் சிறகு போலச் செட்டை செட்டையாக எழும்பி நிற்கும் காய் அது. பிஞ்சிலேயே காய்ந்து விழுவது பெருவிரல் நகமளவுதான் இருக்கும். காதுக்கு அது போதும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் ஒட்டுசுட்டானில் குளங்களைக் கவனிக்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். புதிதாகக் கலியாணம் முடித்து நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருந்த இரண்டு வருடத்தில் அவள் தன் தாய் கொடுத்த பொன்னைக் கொடுத்து, கந்தையாப் பத்தரிடம் இந்தச் சோடியைச் செய்வித்தாள். பிறகு இருபது வருடம், நல்ல நாள் பெருநாள் எது வந்தாலும் அவள் காதில் அதுதான். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அலுமாரியைத் திறந்து, ஒரு தொங்கட்டானை மட்டும் எடுத்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் ஒன்று என்று கேட்கிறீர்களா? இரண்டையும் எடுத்தால் அவளுடைய பெட்டி வெறுமையாகிவிடும் போலிருந்தது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும்போது கூட்டை ஆட்டிப் பார்ப்பேன். கிலுக்கென்று சத்தம் வரும். அது போதும், மத்தியானம் வரைக்கும் ஓடும்.

ஒருநாள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வீட்டுக்கு வந்து கூட்டை ஆட்டினால் சத்தமில்லை. திரும்பி ஓடிப் போய், மேல்வேட்டியால் தூசியைக் கூட்டி, அங்கிருந்த கச்சான் கடலைக்காரியின் பெட்டியைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. தைப்பொங்கலன்று மகள் சரோ வந்து, “அப்பா, கலியாணத்தண்டு நான் அம்மான்ர தொங்கட்டானைத்தான் போடுவன். வேறை ஒண்டும் செய்விக்காதேங்கோ,” என்றாள். அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் செருகி வைத்திருந்தேன். உள்ளே ஒன்றுதான் கிடக்கிறது. வைகாசிக்கு நான்கு மாதம் இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பத்தர் ஒருவரிடம் மிஞ்சியிருந்ததைக் காட்டினேன். அவர் நல்லவர். “இதிலை படி எடுக்கலாம், ஆனா கொஞ்சம் சிறுத்துத்தான் வரும், இந்த மயிர் மாதிரி இருக்கிற கோடெல்லாம் அழிஞ்சு போகும். பக்கத்திலை பக்கத்திலை வைச்சா ஒரு குழந்தைப்பிள்ளையும் கண்டுபிடிக்கும். செய்த ஆளிட்டையே போங்கோ,” என்று அனுப்பிவிட்டார்.

இனிப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறு பத்துக்கு ரயில். மாங்குளத்துக்கு மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபா பத்துச் சதம். இடப்பக்க யன்னல் ஓரம் இருந்தால் ஆனையிறவில் வெயில் முகத்தில் அடிக்கும், வலப்பக்கம் இருங்கள். பரந்தன் தாண்டியதும் வயல் தொடங்கும். அந்த மாதம் அறுவடை முடிந்து வைக்கோல் மஞ்சளாகக் கிடந்தது. கிளிநொச்சியில் என் எதிரே இருந்த குடும்பம் இறங்கியது. கோப்பாய்ப் பக்கத்து ஆட்கள். அக்கராயனில் காணி கிடைத்து இரண்டு போகம் செய்துவிட்டார்களாம். அந்தப் பெண் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கு இரண்டு வாய்ப்பன் பலகாரம் எடுத்துத் தந்துவிட்டுப் போனார். ரயில் எட்டு ஐம்பதுக்கு மாங்குளம் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிடம் பிந்தல்தான்.

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஒன்பதரைக்கு என்றார்கள், பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. அதற்குள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிடலாம். ஒட்டுசுட்டானுக்குப் பதினாறு மைல், எழுபது சதம். நான் மைல்கல் எண்ணுகிற ஆள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பதினோராவது கல்லை யாரோ பிடுங்கிவிட்டார்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. கொண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.

“ஒட்டுசுட்டானுக்கோ? கோயிலுக்கோ, காணி பாக்கவோ?”

“பத்தரிட்டை.”

“அப்ப கலியாணம்,” என்று சொல்லி ரிக்கற்றைக் கிழித்தார். “கந்தையாப் பத்தர் எண்டால் கோயிலடியிலை இறங்காதேங்கோ. அரை மைல் தள்ளி, பெரிய விளாத்தி மரத்தடியிலை நான் மணி அடிக்கிறன்.”

சொன்னபடி அடித்தார். பதினொன்று பதினைந்துக்கு விளாத்தியடியில் இறங்கினேன்.

பத்தருக்கு இப்போது ஐம்பது இருக்கும். என்னை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “கிளாக்கர் ஐயாவோ,” என்றார். பட்டறையில் இரண்டு கரியடுப்பு, மண் அச்சுகள் வரிசையாக நிழலில் உலர்ந்துகொண்டிருந்தன. வேலைக்குக் குறைவில்லை. புத்தளம், மன்னார்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளியில் கொன்றை மொட்டு, நெருஞ்சிக்காய், சில்வண்டு கழற்றிப்போட்ட ஓடு. சில்வண்டின் ஓட்டில் முதுகு வெடித்த கோடு அப்படியே இருந்தது.

நான் பொட்டலத்தை அவிழ்த்து ஒற்றைத் தொங்கட்டானைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“ஓம், என்ர கைவேலைதான். மற்றது?”

“துலைஞ்சு போச்சு. என்னாலைதான்.”

“அவா?”

“மோசம் போயிட்டா, பத்தர். ஒண்டரை வருசம்.”

அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி தானே போட்டுக் கொண்டுவந்தார். மனைவி அன்னப்பிள்ளை தண்ணீரூற்றுக் கிராமத்தில் தமக்கை வீட்டுக்குப் போயிருப்பதாகவும் அடுத்தநாள் பின்னேரம் வருவார் என்றும் சொன்னார்.

பிறகு வேலை முறை. இதைக் கவனமாக வாசியுங்கள், தெரியாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்தர் காய் தர மாட்டார். போடுகிறவரோ அவர் வீட்டாரோதான் காட்டில் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். “நான் பொறுக்கினா அது கடைச்சாமான்,” என்பார். மரத்தில் பறித்ததும் ஆகாது, கீழே விழுந்து தானாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நெருப்பில் ஆவி கிளம்பி அச்சு வெடித்துவிடும். பொன்னையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நான் என் மோதிரத்தைக் கொண்டு போயிருந்தேன்.

“அப்ப இதே மாதிரி ஒரு காயைப் பொறுக்கிக்கொண்டு வாங்கோ, பாப்பம்,” என்றார் பத்தர்.

அடுத்தநாள் காலை ஏழு மணிக்கு மடத்துக்கு எதிரே உள்ள கடையில் நாளுக்கு எழுபத்தைந்து சதம் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தேன். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். ஆற்றங்கரை இரண்டே கால் மைல், கடைசி அரை மைல் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் ஆனை லத்தி கிடந்தது, பழையது. கரையில் மருதமரங்கள் வெள்ளைப் பட்டையோடு வரிசையாக நின்றன. கீழே சருகுக்குள் காய்கள் நூற்றுக்கணக்கில். ஒற்றைத் தொங்கட்டானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஒவ்வொரு காயாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் கொண்டுபோன அடிமட்டத்தால் நீளம் அளந்தேன். செட்டை எண்ணினேன்: ஐந்து. காயிலும் ஐந்து, தொங்கட்டானிலும் ஐந்து. நுனி சரிகிற பக்கம், காம்பு வளைகிற விதம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, நாலு மணிக்குப் பதினொரு காய்களைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு திரும்பினேன். ஒன்று அச்சு அசல். கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். குளங்களின் அளவுகோலில் அங்குலக் கணக்கு எழுதி வளர்ந்தவன், எனக்கா தெரியாது என்று எனக்குள் பெருமை வேறு.

பட்டறைக்கு வந்தபோது அன்னப்பிள்ளை திரும்பி வந்திருந்தார். நாற்பது வயது மதிக்கலாம். அந்தக் காலத்தில் நல்லம்மாவோடு விறகுக்கும் குளிப்புக்கும் கூடப் போன பெண் இவர்தான். பத்தர் சொல்லியிருந்தார் போலும், என்னைக் கண்டதும் கண் கலங்கிற்று. துடைத்துக்கொண்டு, நான் விரித்த கைலேஞ்சியைப் பார்த்தார். ஒவ்வொரு காயையும் விரலால் உருட்டி எண்ணினார். பிறகு நிமிர்ந்தார்.

“எல்லாம் அஞ்சு செட்டையா இருக்கு, ஐயா. ஆறு செட்டையான் எங்கை?”

“எந்த ஆறு?”

“துலைஞ்சது ஆறு செட்டையான்தானே. உங்கட கையிலை இருக்கிறது அஞ்சு. அப்ப மற்றது ஆறு.”

பத்தர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “ஓம், ஓம். ஒரு அச்சு வெடிச்சது. மறந்துபோனன் பாருங்கோ.”

நான் விளங்காமல் நின்றேன். அன்னப்பிள்ளைதான் சொன்னார். சோடியாகப் பொறுக்கிய இரண்டு காயில் ஒன்று சூளையில் வெடித்துவிட்டதாம். பத்தர் வேறு ஐந்து செட்டைக் காய் பொறுக்கி வரச் சொன்னாராம். நல்லம்மா புதுமையாக இருக்கிறதென்று ஒரு ஆறு செட்டைக் காயைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாளாம். இதையே வைத்து வார்த்துத் தாருங்கள் என்று கொடுத்துவிட்டாளாம்.

“சோடி பிழைச்சுப் போமெண்டு இவர் சொன்னவர். அதுக்கு நல்லம்மா அக்கா சிரிச்சுப்போட்டு, ‘எங்கட வீட்டுக்காரர் எல்லாத்தையும் எண்ணுற ஆள், இதை எப்ப எண்ணுறார் எண்டு பாப்பம்’ எண்டவா. எனக்கும் வாயைத் திறக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டா.” அன்னப்பிள்ளை என்னைப் பார்த்தார். “எப்ப கண்டுபிடிச்சனீங்கள், ஐயா?”

“இப்ப,” என்றேன்.

பத்தர் கரியைக் கிளறத் தொடங்கினார். அன்னப்பிள்ளை குசினிக்குள் போய்விட்டார்.

மடத்துக்கு வந்து பாயை விரித்துப் படுத்தேன். இருபது வருடம். எத்தனை கலியாணவீடு, எத்தனை திருவிழா, ஒரே பஸ்ஸில், ஒரே பாயில். தொங்கட்டானைக் கண்ணாடிக் கூட்டுக்குள் எட்டு மாதம் கொண்டு திரிந்து, வேளைக்கு வேளை ஆட்டிச் சத்தம் கேட்டவன் நான். ஒருநாளாவது வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தேனா? தொலைந்த காயின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் காது வருகிறது, காதடியில் நரைத்த மயிர் வருகிறது, தொங்கட்டான் இருந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ மினுங்குகிறது. அவ்வளவுதான். அவள் செய்வித்துக்கொண்டு வந்த அன்று என் முன்னால் வந்து நின்றது மட்டும் ஞாபகம் வந்தது. நான் மாதாந்தக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆறு செட்டைக் காய் தேடப் போனேன். அன்னப்பிள்ளை கத்தியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மருதில் ஐந்துதான் வழக்கம், ஆறு அருமை. ஒரு மரத்தடியில் நின்று, “இதிலைதான் அக்கா எடுத்தவா,” என்றார். அந்த மரத்தடியில் ஒன்றரை மணித்தியாலம் சருகைக் கிளறினோம். ஐந்து, ஐந்து, ஐந்து. குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. சும்மா தேடுவதைவிட அன்னப்பிள்ளையைக் கதைக்க வைக்கத்தான் எனக்கு அவசரமாக இருந்தது. நல்லம்மா இங்கே என்ன செய்வாள், என்ன சொல்லுவாள் என்று விடாமல் கேட்டேன். ஒரு மனிதன் தன் பெண்சாதியைப் பற்றி அடுத்தவரிடம் கேட்டு அறிகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

“இந்தக் கல்லிலை இருந்து தண்ணிக்குள்ளை காலை விட்டுக்கொண்டு பாடுவா. ஆனை வரும் எண்டால், வரட்டும், அதுக்கும் பாட்டுக் கேக்க ஆசை இருக்காதோ எண்டுவா.”

நல்லம்மா பாடுவாள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் பாடியதில்லை. அல்லது பாடியிருப்பாள், நான் கந்தோரில் இருந்திருப்பேன்.

“என்னைப் பற்றி என்ன சொல்லுவா?” என்று கேட்டுவிட்டேன். ஐம்பது வயதில் கேட்கிற கேள்வியா?

அன்னப்பிள்ளை சிரித்தார். “‘நல்ல மனுசன்தான், நிமிந்து பாக்கத்தான் பஞ்சியும் அலுப்பும்’ எண்டுவா. நீங்கள் இடம் மாறிப் போற அண்டு பஸ்ஸிலை ஏறேக்கை, என்ர காதுக்குள்ளை வந்து, ‘இன்னும் பிடிபடேல்லை’ எண்டு சொல்லிச் சிரிச்சவா. நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான், அடுத்த கிழமையே பிடிபட்டிருக்கும் எண்டு.”

பின்னேரம் மூன்று மணிக்கு, ஆற்றோடு கால் மைல் மேலே, ஒரு இளமரத்தடியில் கிடைத்தது. நான்தான் கண்டேன். முதலில் நம்பவில்லை, திரும்பத் திரும்ப எண்ணினேன். ஆறு. ஆறாவது செட்டை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை, இடம் போதாமல் ஒதுங்கி நின்றது. அன்னப்பிள்ளை கையில் வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

“அக்கான்ர மாதிரியோ?” என்று கேட்டேன்.

“அதை நான் எப்பிடிச் சொல்ல, ஐயா? அது வேறை காய். ஆனா ஆறு.”

அன்று மாலையே பத்தர் வேலையைத் தொடங்கினார். மெல்லிய செட்டைகளின் மேல் தேன்மெழுகை உருக்கிப் பஞ்சால் தொட்டுத் தடவினார். காம்போடு ஒரு மெழுகுக் குச்சியை ஒட்டினார். பொன் போகிற வழி அது. பிறகு புற்றுமண்ணையும் கரித்தூளையும் அரித்துக் குழைத்த சேறு, முதல் பூச்சுப் பால் மாதிரித் தண்ணியாக. அடுத்த பூச்சை என்னைப் பூசச் சொன்னார். வீட்டார் கை பட வேண்டுமாம். நான் பூசினேன். காய் மறைந்துகொண்டு வந்தது. கடைசியாக அந்தக் குட்டைச் செட்டை மறைந்தபோது கையை நிறுத்திவிட்டேன். “பூசுங்கோ, ஐயா,” என்றார் பத்தர்.

நான்காம் நாள் அச்சு நிழலில் உலர்ந்தது. சும்மா இருக்க ஏலாமல் முல்லைத்தீவுக்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் அறுபது சதம். கரைவலை இழுக்கிற நேரம், காலை எட்டுக்கு முன் போனால் நல்ல மீன் வாங்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் தானும் பத்தரிடம் போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னார். மகளுக்காகக் காய்ந்த கடற்குதிரை ஒன்றைக் கொண்டு போனாராம். எலும்பு எரிந்து போகாது, உள்ளேயே கிடந்து பொன்னுக்கு வழி விடாது என்று பத்தர் திருப்பி அனுப்பிவிட்டாராம். “பிறகு மகளையே காட்டுக்குக் கூட்டிப் போனன். அவ ஒரு நெருஞ்சிக்காயைப் பொறுக்கினா. இத்தனூண்டு. அதைத்தான் இப்ப கழுத்திலை போட்டிருக்கிறா,” என்று சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு நெருப்பு. சிரட்டைக்கரி, உமி, மேலே அச்சைக் கவிழ்த்து வைத்தார். மெழுகு முதலில் உருகி ஓடியது, பிறகு ஒரு சிறு புகை. காய் எரிகிற மணம் வந்தது, காய்ந்த மரப்பட்டை மணம்.  வெடித்தால் இன்னொரு ஆறு செட்டை எங்கே போய்த் தேடுவேன்? லீவும் முடிகிறது. பொன் உருக்கும் மூசையில் என் மோதிரம் முதலில் வளைந்து, பிறகு ஒரு துளியாக உருண்டது. அச்சுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் பத்தரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், அது எந்தப் பக்கத்துக்கு ஆட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. அச்சை நிமிர்த்தி, நாணல் குழலால் சாம்பலை ஊதி வெளியேற்றி, ஒரே மூச்சில் வார்த்து, ஈர வைக்கோல் அடைத்த மூடியை மேலே வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அந்த ஆவிதான் பொன்னை உள்ளே செட்டை நுனிவரை தள்ளுகிறதாம்.

ஆறியதும் சுத்தியலை என்னிடம் தந்தார். மூன்றாவது தட்டில் மண் உடைந்தது. கறுத்துக் கிடந்ததைப் புளித்தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்தார். எண்ணினேன். ஆறும் இருந்தது. குட்டையானதன் நுனியில் ஊசிமுனையளவு குழி. “அடைச்சுத் தரட்டோ?” என்று கேட்டார் பத்தர். வேண்டாம் என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மாசி, பங்குனிதான் நல்ல காலம். மழைக்காலத்தில் காய்ந்த காய் கிடைக்காது, ஆற்றுக்குக் கிட்டப் போகவும் ஏலாது. சிப்பி, சோழி, கல் கொண்டு போகாதீர்கள், எரியாது. பூ என்றால் தடித்த மொட்டு வரும், மெல்லிய இதழ் வராது. கூலி பன்னிரண்டு ரூபா, காதில் மாட்டுகிற கொளுவியோடு. மிஞ்சுகிற பொன்னை அவர் பொட்டலம் கட்டித் திருப்பித் தருவார். மடத்தில் படுக்க இடம் உண்டு, பாயும் நுளம்பு வலையும் நீங்கள் கொண்டு போங்கள். காட்டிலிருந்து ஐந்து மணிக்கு முன் திரும்பிவிடுங்கள், ஆனை பொல்லாதது. மாங்குளத்துக்குக் கடைசிப் பஸ் நாலரை. ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள், ஏனென்றால் அச்சு வெடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிந்தால் போடப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேர் தேடினால் இரண்டு சோடிக் கண்.

சனிக்கிழமை இருட்டும் முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் நினைத்தது, சத்தம் போடாமல் அலுமாரியில் வைத்துவிடலாம் என்றுதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையது மங்கல், புதியது பளபளவென்று கண்ணைக் குத்தியது. அதைவிட, என்னால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அவள் செய்த பகிடியை யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை. சரோவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பஸ் நிலையத்தில் தொலைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாயின் பொருளைத் தொலைத்ததற்கு ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் இரண்டையும் கையில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆறு செட்டையான் எனக்குத் தெரியும், அப்பா,” என்றாள். “சின்னனிலேயே அம்மா காட்டினவா. அப்பாவுக்குச் சொல்லக் கூடாது, அவரா நிமிந்து பாக்கட்டும் எண்டவா.”

“நீயும் சொல்லேல்லை.”

“சொல்ல விடேல்லையே. எங்கையும் போக வெளிக்கிட்டால், நீங்கள் எந்தப் பக்கம் இருப்பியள் எண்டு பாத்துத்தான் அம்மா போடுவா. ஆறு செட்டையான் எப்பவும் உங்கட பக்கத்துக் காதிலைதான்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்வேட்டியால் துடைத்தேன். சரோ எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு தொங்கட்டான் இரண்டையும் காதோடு பிடித்துப் பார்த்தபடி, “அப்ப நான் எந்தக் காதிலை எதைப் போட?” என்று கேட்டாள்.

“ஆறு செட்டையானை மாப்பிள்ளை இருக்கிற பக்கம் போடு, பிள்ளை,” என்றேன். “ஆனா அவருக்கு நீயே சொல்லிவிடு. கண்டுபிடிப்பார் எண்டு பாத்துக்கொண்டு இராதை.”